ஆள் விழாத படங்கள்

போன வாரம் ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். என்னைத் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை. வந்தால் மாடிவீட்டுக்காரரைத் தேடி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அதனால் வழக்கம்போல, "படி அந்தப் பக்கம் இருக்கும்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனேன். அவள் நகரவில்லை.

"நீங்கதான நூல்கடையில இருந்தவுக?" என்றாள். "நான் வீரணன் மக, அழகு. செல்லூரு."

உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல் நின்றேன். வீரணனுக்கு ஒரு மகள் இருப்பது எனக்குத் தெரியும். அவன் மனைவியைப் பார்க்கப் போகும் தைரியம் இல்லாமல் இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டவன் நான்.

அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாலி கட்டுமுன் அப்பா படத்துக்கு மாலை போட்டு, விழுந்து கும்பிட வேண்டும். கும்பிடப் படம் இல்லை. அவள் வயிற்றில் இருக்கும்போதே பட்டாளத்துக்குப் போனவன் வீரணன். அஸ்ஸாம் பக்கம் பாதை போடப் போனான். திரும்பி வரவில்லை, இறந்துபோனான் என்று கடிதம் மட்டும் வந்தது.

"எங்கப்பா மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமையானா நீங்களும் அப்பாவும் போட்டோ புடிக்கப் போயிருவீகளாம்ல, அம்மா சொல்லுச்சு. அம்புட்டுப் படத்துல ஒண்ணுலயாவது அப்பா இருப்பார்ல?"

எவ்வளவு நியாயமான கேள்வி, பாருங்கள். "தேடி வைக்கிறேம்மா, ஞாயித்துக்கிழமை வா" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பதில் தெரியும். நூற்றுச் சொச்சம் படங்கள் எடுத்தோம். ஒன்றில்கூட நாங்கள் இல்லை. இல்லாமல் பார்த்துக்கொண்டோம் என்பதுதான் உண்மை. அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

பரணில் கிடந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. தோசைக்கரண்டியால் நெம்பித் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு காடி வாசனை வந்தது. படம் கழுவுகிற மருந்தின் வாசனை. அது வந்தால் காதர் பாய் வந்துவிடுவார். காதர் பாய் வந்தால் வைகைப் பாலம் வரும், செல்லூர்த் தறிகளில் கஞ்சி போட்ட நூலின் வாசனையும் கூடவே வரும். நான் என்ன செய்வது, ஒரு டின்னைத்தான் திறந்தேன்.

நான் எழுமலைக்காரன். உசிலம்பட்டி வரை மாட்டுவண்டி, அங்கிருந்து போடி ரயில் என்று ஏறி மதுரைக்குப் பிழைக்க வந்தவன். நூல்கடையில் நெசவாளிகளுக்கு நூல்கட்டு எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா வேலை. தங்க ஓர் அறை, சாப்பிட ஒரு மெஸ். வாரத்தில் ஆறு நாள் எப்படியோ ஓடிவிடும். ஏழாவது நாள்தான் நகராது. ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்பது ஒற்றை அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, அது காய்வதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பொய்யில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பழைய சாமான் கடையில் ஒரு பெட்டிக் கேமராவை வாங்கினேன். கறுப்பான ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் தபால்தலை அளவுக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். வாங்கிய பிறகுதான் சங்கடம் புரிந்தது. மனிதர்களைப் படம் எடுக்க வேண்டுமானால் நாலு மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும். மதுரையில் எனக்கு முதலாளியைத் தெரியும், மெஸ்காரரைத் தெரியும். இரண்டு பேரையும் படம் எடுக்க மனசு வரவில்லை. ரயிலிடம் இந்த வம்பெல்லாம் கிடையாது. அறிமுகம் வேண்டாம், சிரிக்கச் சொல்ல வேண்டாம், "எங்கய்யா என் படம்?" என்று பின்னாலேயே வராது.

முதல் சுருளைக் கழுவக் கொடுத்த ஸ்டூடியோவில் இருட்டறை வேலை பார்த்தவர்தான் காதர் பாய். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் எல்லோரும் அவருக்கு அண்ணன்தான். ஈரப் படங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னண்ணே, எட்டுலயும் ஆளே இல்லையே. யாரும் வரலையா?"

"ரயிலு வந்துச்சே" என்றேன்.

"இது ரயிலா? நான் மழை பெய்யிதுன்னுல்ல நெனச்சேன்!"

சிரித்தார். நானும் சிரித்தேன். மதுரைக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஓடுகிற ரயிலைப் பெட்டிக் கேமரா பிடிக்காது, மெதுவாகப் போகும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். பாலத்தில் மெதுவாகத்தான் போகும். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத்தான் கடை தொறப்பாக. நானும் வாரேண்ணே" என்றார். நான் கேட்காமலே ஒருவர் என்னோடு வருகிறேன் என்றது எனக்குப் புதுசு.

பாலத்துக்கு வடக்கே, செல்லூர்ப் பக்கக் கரையில் போய் நின்றோம். அங்கே ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டியின் பிடிபோல இரண்டு காதுகள். தூரத்தில் சத்தம் கேட்டதும் நான் பெட்டியைத் தூக்கினேன். அவன் கண்ணைத் திறக்காமலே, "அது கூட்ஸு. பாஸஞ்சர் இன்னும் பொறப்படல" என்றான். அப்படியே கூட்ஸ்தான் வந்தது.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்தான். எனக்கும் அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. சனிக்கிழமைதோறும் எங்கள் கடை வாசலில் நூலுக்கு நிற்கும் நெசவாளி வீரணன். அவன் தறி தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் இருந்தது. பிறந்ததிலிருந்து ரயிலைக் காதால் பார்த்தே வளர்ந்தவன். ஒவ்வொரு இன்ஜினையும் குரலை வைத்துச் சொல்வான், எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தான். ஓயாமல் ஊதிக்கொண்டே வரும் ஒன்றுக்கு 'வாயாடி'. நீராவி ஒழுகி, மூக்கை உறிஞ்சுவதுபோல ஓடும் ஒன்றுக்கு 'சளிக்காரி'. ரயில் கம்பெனி அவற்றுக்கு எண்தான் கொடுத்திருந்தது. எண்ணெல்லாம் எங்களுக்கு எதற்கு!

அதற்குப் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. விடிந்ததும் கரைக்குப் போவோம். காதர் பாய் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் இடியாப்பமும் சால்னாவும் வரும். ஒரு கேமரா, ஒரு சுருள், மூன்று பேர். முறை வைத்து எடுப்போம். ஒருவன் எடுக்கும்போது மற்ற இருவரும் மூச்சு விட மாட்டோம். ரயில் போன பிறகு அது விழுந்திருக்குமா, விழுந்திருக்காதா என்று அரை மணி நேரம் பேசுவோம். சுருளில் எட்டாவது படத்தை மட்டும் எடுக்க மாட்டோம், மிச்சம் வைப்போம். அதை எடுக்க அடுத்த வாரம் வந்தாக வேண்டுமே! இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. மூன்று பேருக்குமே போக வேறு இடம் இல்லை என்பதை மூன்று விதமாக மறைத்துக்கொண்டோம்.

திங்கள் முதல் சனி வரை வீரணனை எனக்குத் தெரியாது. கடையில் முதலாளி உட்கார்ந்திருப்பார். குமாஸ்தாவும் நெசவாளியும் சிரித்துப் பேசினால் நூலில் சலுகை போகிறது என்று சந்தேகம் வரும். அவன் "ஐயா" என்பான், நான் "அடுத்த ஆள்" என்பேன். ஞாயிற்றுக்கிழமை கரையேறியதும் அதே வாயால், "வா மாப்ள, இம்புட்டு நேரமா?" என்பான். அந்த 'மாப்ள'வுக்காக வாரம் முழுக்க இருந்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். படத்தில் ஆள் விழக்கூடாது. சட்டம் போட்டவர் காதர் பாய். "வாரம் பூரா மூஞ்சி மூஞ்சியாக் கழுவுறேண்ணே. பொண்ணு மூஞ்சி, மாப்பிள்ளை மூஞ்சி, மௌத்தாகி மாலை போட்டுக் கெடக்குறவரு மூஞ்சி. கண்ண மூடுனா மூஞ்சிதான் வருது. ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது மூஞ்சி இல்லாம இருந்துக்கிறேனே" என்றார். சரியாகத்தான் பட்டது. யாராவது குறுக்கே போய்விட்டால், "தள்ளு, தள்ளு, ஆள் விழுது!" என்று மற்ற இருவரும் கத்துவோம். எத்தனையோ தடவை வீரணனை நானே தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளியிருக்கிறேன். அந்தக் கையை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. ரயிலடியில் கேமரா கூடாது என்றார்கள். சுருளும் கிடைக்கவில்லை. நூலும் கிடைக்கவில்லை. வந்த கொஞ்சம் நூலை யாருக்கு எவ்வளவு என்று முதலாளி சொல்வார். வரிசையில் நிற்பவர்களிடம் "நூல் இல்லை" என்று சொல்வது என் வேலையாகிப்போனது. வீரணனிடமும் சொன்னேன். ஒரு வாரம் இல்லை, பல வாரம். அவன் "சரிங்கய்யா" என்று போவான். ஞாயிற்றுக்கிழமை கரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாவது பேசியிருக்கலாம். அங்கே நூல் பேச்சு வேண்டாம் என்று நானும் இருந்துவிட்டேன். கோழைத்தனத்துக்கு நாகரிகம் என்று பெயர் வைத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

அந்தச் சமயத்தில்தான் போடி ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்து யுத்தத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்களிடம் ஒரு சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம், எட்டாவது. "அது போடி ரயிலுக்குத்தான்" என்றான் வீரணன். கேமராவைத் துண்டில் சுற்றித் தூக்குச்சட்டிக்குள் வைத்துக்கொண்டு, நானும் பாயும் லீவு சொல்லிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் எழுமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். என் ஆத்தா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இவனுக்குக் கூட்டாளிமாரெல்லாம் உண்டா!" என்றாள். "சின்ன வயசுல பக்கத்து வீட்டுப் பிள்ளையோட வெளையாடச் சொன்னா, காச்ச வந்துரும் இவனுக்கு."

காதர் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். வீரணன் சிரிக்கவில்லை. "எங்களுக்கு இவரு இல்லாம ஞாயித்துக்கிழமை கெடையாது ஆத்தா" என்றான். நான் மாட்டைப் பார்ப்பதுபோலக் கொட்டகைப் பக்கம் போய்விட்டேன்.

விடியுமுன் வண்டி கட்டிக்கொண்டு கணவாய் ஏற்றத்துக்குப் போனோம். போடியிலிருந்து வருகிற ரயில் அந்த ஏற்றத்தில் நடந்துதான் வரும். வெயில் முதுகுக்குப் பின்னால் வந்திருந்தது. வீரணனின் முறை. தூரத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. "சளிக்காரி மாப்ள!" என்றான். நான் அவனுக்குப் பக்கத்திலேயே, தோளோடு தோள் நின்றிருந்தேன். காதர் பாய் பின்னாலிருந்து கத்தினார்: "அண்ணே, நிழல் விழுது, தள்ளிக்கங்க!" காலை வெயிலில் எங்கள் நிழல் தண்டவாளம் வரை நீண்டு கிடந்தது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். இரண்டடி தள்ளிக்கொண்டேன்.

ஸ்டூடியோவில் படத்தைக் கழுவிப் பார்த்தபோது காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். சளிக்காரி அற்புதமாக விழுந்திருந்தாள், புகையோடு. ஆனால் கீழே வீரணனின் நிழலும் நீளமாக விழுந்திருந்தது.

"நிழலும் ஆளுதான் வீரணா. போச்சு, கடைசிப் படம் போச்சு."

"எடுக்குறவன் நெழலு எங்க பாய் போகும்? அதக் கழட்டியா வைக்க முடியும்?"

பாய் கோபத்தில் படத்தின் முதுகில் நீலப் பென்சிலால் பெருக்கல்குறி போட்டு 'வீண்' என்று எழுதினார். நான் எதையும் எறியாதவன், அதையும் டின்னில் போட்டு வைத்தேன்.

சில வாரங்களில் வீரணன் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். "தறி சும்மா கெடக்கு மாப்ள, அவளும் மாசமா இருக்கா" என்றான், அவ்வளவுதான். காதர் பாய் கையைப் பிடித்துக் கேட்டார்: "போறதுக்கு முந்தி ஸ்டூடியோவுக்கு வா. மூஞ்சி அலுப்பெல்லாம் உனக்கில்ல. ஒரு படம் எடுத்துருவோம்." வீரணன் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். "இந்தச் சட்டையிலயா? பட்டாளத்துல நல்ல சட்டை குடுப்பாகள்ல பாய். லீவுல அதப் போட்டுக்கிட்டு வாரேன், எடுத்துக்கிருவோம்."

அவன் போன நாளைத்தான் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன. மதுரை ஸ்டேஷன் முழுக்கப் பட்டாளத்துக்குப் போகிறவர்கள். ஒட்ட வெட்டிய தலை, ஒரே தொப்பி. அவன் ஜன்னலுக்கு வந்து, "மாப்ள, இந்தக் கூச்சல்ல எனக்குக் காது கேக்கல. இன்ஜினு எதுன்னு பாத்துட்டு வா" என்றான். கடைசியாகப் பேச எத்தனையோ இருந்தது. நான் இன்ஜினைப் பார்க்க ஓடினேன். வேறு யாராவது ஓடுவார்களா? எங்களைப் போன்ற ஆட்கள்தான் ஓடுவார்கள். பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. பெட்டி பெட்டியாக என்னைத் தாண்டிப் போயிற்று. எல்லா ஜன்னலிலும் ஒரே தொப்பி, ஒரே முகம். எந்தப் பெட்டி என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ அவன் குரல் வந்தது: "மாப்ள, எது?"

"சளிக்காரி!" என்று கத்தினேன். ஸ்டேஷனே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு கரைக்கு நானும் காதர் பாயும் சில ஞாயிறுகள் போனோம். கேமரா இல்லாமல், சும்மா. காது கொடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் வருகிற ரயிலெல்லாம் வெறும் ரயிலாக வந்தது. யுத்தம் முடிந்ததும் பாய் கொழும்புக்கு ஒரு ஸ்டூடியோ வேலைக்குப் போனார். பக்ரீதுக்குக் கடிதம் போடுவார். ஒரு பக்ரீதுக்கு வரவில்லை. அதன்பிறகு என் ஞாயிற்றுக்கிழமை பழைய நீளத்துக்கே போய்விட்டது.

இந்த வாரம் முழுக்கப் படங்களைத் தரையில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஜன்னலோரப் பிரயாணிகள், இன்ஜின் டிரைவர்கள், பாலத்தடியில் சலவைக்காரர்கள் என்று யார் யாரோ இருந்தார்கள். முன்பின் தெரியாத இத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள், அவன் ஒருவன் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம், முதுகு தெரியக் கவிழ்ந்து கிடந்த ஒரு படத்தில் நீலப் பெருக்கல்குறி கண்ணில் பட்டது. திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அழகு வந்தாள். மேசையில் அந்த ஒரு படத்தை மட்டும் வைத்தேன். "முகம் இல்லம்மா" என்றேன். "இதான் இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். கல்லும் சருகும் கிடந்த தரையில் நீண்ட நிழல். நெஞ்சோடு அணைத்த பெட்டிக்காக இரு பக்கமும் விரிந்த முழங்கைகள். குனிந்த தலை, அதன் இரு பக்கமும் சட்டியின் பிடிபோல இரண்டு காதுகள்.

அவள் விரல் மெல்ல அந்தக் காதுக்குப் போயிற்று. பிறகு தன் காதுக்குப் போயிற்று.

"ஒங்கப்பன் காதுடி ஒனக்குன்னு அம்மா வஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

"இந்த ரயிலு இப்ப ஓடுதா மாமா?"

மாமா! அவன் என்னை மாப்ள என்றால் இவளுக்கு நான் மாமாதானே. இந்த இன்ஜினை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இந்தத் தண்டவாளத்தை அந்த வருஷமே பெயர்த்துவிட்டார்கள். பிறகு புதுசாகப் போட்டு ரயில் விட்டார்கள், நான் ஏறவில்லை, ஊருக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். பின்னாலிருந்து கத்தினவர் கொழும்பில் என்ன ஆனாரோ தெரியாது. ஊரில் ஆத்தா இல்லை. இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை போடப் போகிறாளாம்.

எழுந்தவள் திரும்பவும் குனிந்து பார்த்தாள். "நீங்களும் அன்னைக்குக் கூடத்தான இருந்தீக? நீங்க எங்க நிக்கிறீக மாமா?"

நிழலின் வலதுபக்கத் தோளில் விரலை வைத்து, இரண்டடிக்குக் கணக்காக நகர்த்தினேன். விரல் படத்தின் வெள்ளை ஓரத்தைத் தாண்டி மேசைமேல் போய் நின்றது.

"இங்கம்மா" என்றேன்.